கொள்ளைநோயும் அன்றாட நோயும்

ஆண்டு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால், சோழர் கடல் கடந்ததையோ, பாண்டியர் முத்துக் குளித்ததையோ அன்பர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவை நம் பெருமைக்கு உரியவை, ஐயமில்லை. ஆயினும், வரலாறு மன்னரோடும் மாளிகையோடும் முடிந்துவிடுவதன்று. நாம் குடியிருக்கும் தெருவுக்கும் வரலாறு உண்டு. நாம் கால்கடுக்க நின்ற வரிசைக்கும் வரலாறு உண்டு. 2020-ஆம் ஆண்டில் ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைக்காக நம் காலனி முதியோர் பட்ட பாடு இப்பொழுதே கதைபோல் தோன்றத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்தாண்டு கழிந்தால் கதையாகவும் எஞ்சாது. ஆகவே, நினைவு மங்குமுன் அதனை எழுதிவைப்பதும், இந்நகரம் முன்பு கண்ட கொள்ளைநோய்களோடு ஒப்புநோக்குவதும் நம் கடமை எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

கொள்ளைநோய் இருவகையாற் கொல்லும். ஒன்று, அந்நோயே பற்றிக் கொல்வது. அக்கணக்கு அன்றாடம் பத்திரிகையில் வெளிவரும், அரசு எண்ணும், உலகம் எண்ணும். மற்றொன்று, அந்நோயின் ஆரவாரத்தில் ஏனைய நோய்களுக்கு மருந்து கிடையாமற் போவது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும், பேறுகாலமும் பிள்ளைக்கான தடுப்பூசியும் கொள்ளைநோய்க்காகக் காத்திருப்பன அல்ல. இவற்றால் நேரும் இழப்பை எவரும் அன்றாடம் எண்ணுவதில்லை. எண்ணப்படாத அந்த இழப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

1896: பிளேக்

பம்பாயில் பிளேக் நோய் மாண்டவிப் பகுதியில் 1896 செப்டம்பரில் வெளிப்பட்டது. அதனை முதலில் இனங்கண்டு உரைத்தவர் டாக்டர் அக்காசியோ காப்ரியேல் வியேகாஸ் என்னும் கோவா நாட்டு மருத்துவர். சில திங்களுக்குள் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஊரை விட்டு அகன்றனர். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. அடுத்த மாதம் ஜெனரல் கட்டாக்கரைத் தலைவராகக் கொண்டு பிளேக் குழு அமைந்தது. வீடு வீடாகச் சோதனை நிகழ்ந்தது. நோயுற்றார் எனச் சந்தேகிக்கப்பட்டோர் வலுவில் கொண்டுபோகப்பட்டனர். இரயில் நிலையங்களிலும் பயணிகள் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர்.

அக்காலத்து மக்கள் மருத்துவமனையை நாடாமைக்குக் காரணம் அறியாமை என்றே ஆங்கில அதிகாரிகள் பலர் எழுதி வைத்தனர். அது முழு உண்மையன்று. சாதாரணக் காய்ச்சலைச் சொன்னாலும் பிளேக் என்று கொண்டுபோய்விடுவர். கொண்டுபோனால் உற்றார் முகம் காண இயலாது. சாதி முறை, சமய முறை, உணவு முறை எதுவும் அங்கே செல்லாது. இந்த அச்சமே மக்களைத் தடுத்தது. 1896 அக்டோபர் 29-ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளர் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். இன்று அது கஸ்தூர்பா மருத்துவமனை என்னும் பெயரோடு தொற்றுநோய்க்கு உரிய இடமாக விளங்குகிறது. பின்னர் அந்தந்தச் சமூகத்தார் தத்தம் பிளேக் மருத்துவமனைகளைத் தாமே திறந்துகொண்டனர். தம்மவர் அருகில் இருப்பர் என்ற நம்பிக்கையால் நோயாளரும் அங்கே சென்றனர்.

இவ்வச்சத்தின் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பிளேக் கண்டவர் மட்டுமா ஒளிந்தார்? மலேரியாக் காய்ச்சல் கண்டவரும் ஒளிந்தார்; கழலை வீங்கியவரும் ஒளிந்தார். மருத்துவமனையின் வாயில் திறந்தே இருந்தது. ஆனால் நுழைய மனம் இல்லை. 2020-இல் நாம் கண்டதோ இதன் மறுபுறம்: நுழைய மனம் இருந்தது, வாயில் இல்லை. இரண்டிலும் அன்றாட நோயாளி வீட்டிலேயே கிடந்தான்.

பிளேக் செய்த நன்மைகளும் உண்டு. வால்டெமார் ஹாவ்கின் என்னும் அறிஞர் பம்பாய்க்கு வந்து, பைகுல்லாவில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறு ஆய்வுக்கூடத்தில் பிளேக் தடுப்பூசியை ஆக்கினார். 1897 ஜனவரி 10-ஆம் நாள் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பரேலில் அவர் பெயரால் வழங்கும் நிலையத்தை யாவரும் அறிவர். 1898-இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைந்தது. நெருக்கடியைக் குறைக்க வேண்டி வடக்கே தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அது வகுத்த அகன்ற தெருக்களிலேதான் பிற்காலத்தில் தென்னாட்டார் வந்து குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியதும் அந்தச் சூழலிலேதான். எனவே நம்மவர் பெருமையுடன் சொல்லும் மாதுங்காவும் ஒரு வகையில் பிளேக்கின் குழந்தையே.

மாதுங்காவுக்குத் தெரு கிடைத்தது. தேவ்நாருக்கு என்ன கிடைத்தது? குப்பை கிடைத்தது. பிளேக் பரவியபின், நகரத்தின் அழுக்கை மக்கள் வாழும் இடத்திலிருந்து தொலைவில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும் என்னும் எண்ணம் நகரசபைக்கு வலுத்தது. தேவ்நார்ச் சிற்றூரின் சதுப்பு நிலத்தில் 823 ஏக்கரை அது வாங்கியது. 1899 முதல் நகரக் குப்பை இரயிலேறிச் செம்பூர்ப் பக்கம் வந்தது. ஒரு நோய்க்குச் செய்த பரிகாரம் மற்றோர் ஊரின் மூச்சில் போய் முடிந்தது. 2016 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்து, செம்பூர் முழுதும் புகை சூழ்ந்த நாட்களை நம்முள் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

1918: இன்புளுயன்சா

முதல் உலகப்போரின் இறுதியில், 1918 ஜூன் மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்தில் காவற்பணி புரிந்த சிப்பாய்கள் சிலர் காய்ச்சலுற்று மருத்துவமனையில் சேர்ந்தனர். அது இன்புளுயன்சா. முதல் அலை விரைவில் தணிந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ கொடியதாக இருந்தது. அக்டோபர் 6-ஆம் நாள் ஒன்றில் மட்டும் இந்நகரில் 768 பேர் மாண்டனர். இந்தியா முழுவதிலும் மாண்டோர் ஒரு கோடிக்கு மேல் என்பது ஆய்வாளர் கணிப்பு. 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்நாட்டின் மக்கள்தொகை பெருகாமல் குறைந்தது. குடிக்கணக்கு வரலாற்றில் அத்தகைய பத்தாண்டு வேறொன்று இல்லை.

அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. போருக்காக மருத்துவர் பலர் சென்றிருந்தனர். எஞ்சிய மருத்துவரும் காய்ச்சலிற் படுத்தனர். வீடு தோறும் மருந்தும் பாலும் போர்வையும் கொண்டு சேர்த்தவை தன்னார்வச் சங்கங்களே. அதிகாரிகள் மலைவாசத் தலங்களில் தங்கியிருந்ததை அக்காலப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்தன.

அந்நோய் பம்பாயில் எல்லோரையும் ஒப்பக் கொள்ளவில்லை. ஐரோப்பியருள் ஆயிரத்துக்கு எட்டுப் பேரளவில் மாண்டனர். தாழ்த்தப்பட்ட சாதியினராக வைக்கப்பட்டிருந்த இந்துக்களுள் ஆயிரத்துக்கு 61-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிருமி ஒன்றே. வேறுபட்டவை அறையின் அளவும் உணவின் அளவும், மருந்துக்கும் அவர்களுக்கும் இடையிலிருந்த தொலைவுமே ஆகும்.

பின்னர் எழுந்த மருத்துவமனைகள்

இவ்விரு கொள்ளைநோய்களையும் கண்ட நகரம் வாளாவிருக்கவில்லை. 1921-இல் டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரி தோன்றியது. நாயர் மருத்துவமனை அதனோடு இணைந்தது. 1926-இல் பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டன. 1941-இல் டாட்டா நினைவு மருத்துவமனை புற்றுநோய்க்கெனத் திறக்கப்பட்டது. 1947-இல் சயானில், போர்க்காலப் பாசறைக் கட்டடங்களில் ஒரு நகரசபை மருத்துவமனை தொடங்கியது. லோகமான்ய திலகர் பெயர் தாங்கிய அதுவே தாராவி மக்களுக்கு இன்றும் பெருந்துணை.

இவற்றுள் பெரும்பாலானவை பழைய தீவு நகரத்துக்குள் அமைந்தவை என்பதைக் கருதவேண்டும். நகரமோ வடக்கும் கிழக்குமாக வளர்ந்தது. 1954-இல் டாட்டா சமூக அறிவியல் நிலையம் தேவ்நாருக்கு வந்தது. அணுவாராய்ச்சி நிலையம் டிராம்பேயில் எழுந்தது. உரத் தொழிற்சாலை செம்பூரில் எழுந்தது. 1971-இல் இறைச்சிக்கூடமும் தேவ்நாருக்கு வந்து சேர்ந்தது. அரசாங்க ஊழியராகவும் தொழிற்சாலை ஊழியராகவும் நம்மவர் காலனிகளில் குடியேறினர். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழை மக்கள் குப்பைமேட்டின் ஓரத்தில் குடிசையிட்டனர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, தேவ்நார் அடங்கிய எம் கிழக்கு வட்டத்தின் மக்கள்தொகை எட்டு இலட்சம். அதற்கு ஈராண்டு முன்பே, 2009-இல், மும்பை மனிதவள அறிக்கை நகரின் 24 வட்டங்களுள் இவ்வட்டத்தையே கடைசியில் வைத்திருந்தது.

கோவண்டியில் நகரசபையின் சதாப்தி மருத்துவமனை உண்டு. காட்கோபரில் ராஜாவாடி உண்டு. ஆயினும், பெரிய சிகிச்சை என்றால் கோவண்டியில் இரயிலேறி, குர்லாவில் மாறி, சயானுக்கோ பரேலுக்கோ போவதே நம் வழக்கம். நம் உடல்நலம் அந்த இரயிலைத் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை, அந்த இரயில் நின்ற அன்றுதான் அறிந்தோம்.

2020: நான்கு கால்களும் முறிந்த கதை

மும்பையில் கொரோனா நோயாளிகள் முதலில் அறியப்பட்டது 2020 மார்ச் 11-இல். இரு நாளில் மகாராஷ்டிர அரசு, பிளேக் காலத்தில் பிறந்த அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தது. மார்ச் 22 நள்ளிரவோடு புறநகர் இரயில்கள் நின்றன. மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு.

வள்ளுவர் திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் வகுத்திருப்பதை நம் சங்கத்துப் பிள்ளைகளும் அறிவர்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன். 2020-இல் என்ன நிகழ்ந்தது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான வகுப்பு நமக்குத் தோன்றவில்லை. ஏனெனில், அவ்வாண்டு நான்கும் ஒருங்கே முறிந்தன.

நோயுற்றவன் புறப்பட இயலவில்லை. இரயில் இல்லை, ஆட்டோ இல்லை, டாக்சிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஜூன் 15-இல் இரயில் மீண்டும் ஓடியபோது அத்தியாவசியப் பணியாளர்க்கு மட்டுமே இடம். பொதுமக்கள் குறித்த நேரங்களில் ஏறலாம் என்ற நிலை 2021 பிப்ரவரி முதல் நாளன்றுதான் வந்தது; அதுவும் இரண்டாம் அலையில் பறிபோயிற்று.

மருத்துவனைக் காண இயலவில்லை. தெருமுனைக் கிளினிக்குகள் பல அடைத்துக் கிடந்தன. அம்மருத்துவரைக் குறை கூறுவது எளிது. அறுபதைக் கடந்தவர் அவருள் பலர். முகக்கவசமும் காப்புடையும் அவர்க்கு அப்பொழுது கிடைக்கவில்லை. பணியாற்றியவருள் மாண்டோர் பலர். மார்ச் 25-ஆம் நாளே தொலைபேசி வாயிலாக மருத்துவம் பார்க்க நெறிமுறைகளை அரசு வெளியிட்டது. அது நன்மையே. எனினும், தொலைபேசியில் வயிற்றை அழுத்திப் பார்க்க இயலுமா? காது மந்தமான பாட்டியார்க்கு அதன் வழியே மருந்தின் பெயர் விளங்குமா?

மருந்து தொடர்ந்து கிடைக்கவில்லை. மருந்துக் கடைகள் திறந்திருந்தன என்பது உண்மை. ஆனால் நகரசபை மருத்துவமனையில் மாதந்தோறும் இலவசமாக மாத்திரை பெற்றவர் கடையில் விலைகொடுத்து வாங்கவேண்டியவராயினர். வேலையோ அன்று இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்து உண்டவரை நாம் அறிவோம்.

அருகிருந்து பேணுபவனுக்கு அனுமதி இல்லை. மருத்துவமனை வாயிலில் தந்தையை விட்டுவிட்டு மகன் திரும்பவேண்டியதாயிற்று. 1897-இல் மக்கள் எதற்கு அஞ்சினார்களோ, அதுவே நூற்றிருபது ஆண்டு கழித்து நம் வீட்டு வாசலில் நின்றது.

நம் காலனிப் பெரியவர் ஒருவர் வாரத்தில் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஏப்ரலில் அவர் செல்லும் நிலையத்தில் ஊழியருக்குத் தொற்று என்று கதவை மூடிவிட்டார்கள். வேறு மூன்று இடங்களில் கேட்டோம். கொரோனா இல்லை என்னும் சான்று இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். காய்ச்சல் இல்லாதவருக்குப் பரிசோதனை எழுதித் தர ஆள் இல்லை. எழுதித் தந்தபின் முடிவு வர இரண்டு நாள். ஆறாம் நாள் இடம் கிடைத்தபோது அவர் கால்கள் தூண்போல் வீங்கியிருந்தன. அவர் அந்த வாரத்தைக் கடந்தார். அந்த ஆண்டைக் கடக்கவில்லை. அவர் பெயர் கொரோனாக் கணக்கில் இல்லை. அம்மையார் ஒருவர் ஏப்ரலில் மார்பிற் கண்ட கட்டியை நவம்பரில்தான் மருத்துவரிடம் காட்டினார். முன்னரே ஏன் சொல்லவில்லை என்று பிள்ளைகள் கடிந்தபோது, இந்த நேரத்தில் உங்களுக்கு ஏன் தொல்லை என்றிருந்தேன் என்றார். நம் பெண்டிர்க்கு இது பழைய பழக்கம். கொள்ளைநோய் அதற்கு ஒரு நியாயமும் தேடித் தந்துவிட்டது.

நாம் அடைத்த கதவு

இதுகாறும் இரயிலையும் கிளினிக்கையும் குறைகூறினோம். நம்மையும் சற்று நோக்குவோம். ஊரடங்கின் முதல் வாரத்திலேயே நம் காலனிகள் பலவற்றின் வாயிற்கதவு பூட்டப்பட்டது. இரத்தம் எடுக்க வந்த ஆய்வகப் பையனைக் காவலாளி திருப்பியனுப்பினார். அனுப்பச் சொன்னவர்கள் நாமே. மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்து இரவில் வீடு திரும்பிய பெண்ணை மாடிப்படியில் கண்டு ஒதுங்கினவர்களும் நாமே. மாலையில் கைதட்டியும் விளக்கேற்றியும் மருத்துவப் பணியாளரை வாழ்த்தினோம். காலையில் அவர்க்கு வழிவிட மறுத்தோம். அச்சம் அத்தகையது. ஆயினும், நடந்ததை நடந்தவாறு எழுதாவிடில் இது வரலாறு ஆகாது.

நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வந்த பெண்மணி கோவண்டியின் சிவாஜி நகரிலிருந்து வருபவர். அவரையும் வரவேண்டாம் என்றோம். சிலர் சம்பளம் அளித்தோம், சிலர் அளிக்கவில்லை. அவருடைய கைப்பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் போடவேண்டிய தடுப்பூசி தள்ளிப்போனதை நாம் கேட்டறிந்தது இரண்டாண்டு கழித்தே.

எண்கள் உரைப்பது

ஒரு காலனியின் அனுபவம் நாட்டின் அனுபவமும் ஆகுமா என்று அன்பர்கள் வினவலாம். எண்களைப் பார்ப்போம். இந்தியாவில் 2019-இல் காசநோய் கண்டறியப்பட்டுப் பதிவானோர் 24 இலட்சம். 2020-இல் 18 இலட்சம். ஆறு இலட்சம் பேர் ஓராண்டில் குணமடைந்துவிடவில்லை. அவர்களைக் கண்டறிய ஆள் இல்லை என்பதே பொருள். உலகில் காசநோயால் மாள்வோர் தொகை பத்தாண்டுக்கு மேலாகக் குறைந்து வந்தது. 2020-இல் அது மீண்டும் ஏறியது. நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தோர் 1,12,270. அதே மூன்று மாதங்களில் 2020-இல் பதிந்தோர் 51,760. பாதிக்கும் மேற்பட்டோர் வரவில்லை. அவர்கள் எங்கே இருந்தார்கள்? நாம் மேலே சொன்ன அம்மையாரைப் போல வீட்டில் இருந்தார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது அந்நோயால் மாண்டோர் 11,000-க்கு மேல். மருத்துவம் நின்றுபோனதால் மலேரியா, காசம், எய்ட்ஸ் ஆகியவற்றால் கூடுதலாக மாண்டோரும் ஏறத்தாழ அதே அளவினர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. செல்வம் மிக்க இங்கிலாந்திலும், கொரோனாவுக்கு முன் 45 இலட்சம் அளவில் இருந்த சிகிச்சைக் காத்திருப்போர் பட்டியல் 2023-இல் 77 இலட்சத்தை எட்டியது.

2022: தட்டம்மை

தடுப்பூசி தவறிய குழந்தையின் கடன் உடனே வசூலிக்கப்படுவதில்லை. உலகில் 2020-இல் அடிப்படைத் தடுப்பூசி தவறிய குழந்தைகள் 2 கோடியே 30 இலட்சம். 2021-இல் 2 கோடியே 50 இலட்சம். தட்டம்மை மிகக் கடுகிப் பரவும் நோய். காப்பற்ற கூட்டத்தில் ஒரு குழந்தையிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். நூற்றுக்கு 95 குழந்தைகள் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் அது அடங்கும். இந்நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985-இலேயே இடம்பெற்ற மருந்து அது; புதியதன்று; விலை உயர்ந்ததுமன்று.

2022 அக்டோபர் இறுதியில் கோவண்டியின் ரஃபி நகரில் இரண்டே நாளில் மூன்று குழந்தைகள் மாண்டனர். குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பு அது. நம் காலனிகளிலிருந்து நடந்து செல்லும் தொலைவு. பின்னரே தட்டம்மை பரவியிருப்பது ஊர் அறிந்தது. நவம்பரில் மத்திய நிபுணர் குழு வந்தது. கஸ்தூர்பா மருத்துவமனையில் தட்டம்மைக் குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி திறந்தனர். ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் தவணையாகத் தடுப்பூசி போடும் பணி டிசம்பரில் தொடங்கியது. அதற்குள் நகரிலும் சுற்றுப்புறத்திலும் பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் மறைந்துவிட்டனர். நோயுற்றவருள் பெரும்பாலோர் தடுப்பூசி பெறாதவர், அல்லது அரைகுறையாகப் பெற்றவர்.

ஊரடங்குக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் 2022-இல் இரண்டு வயதினர். எனவே அக்குழந்தைகளின் மரணத்தை 2020-ஆம் ஆண்டின் கணக்கிலும் எழுதவேண்டும் என்பதே நம் துணிபு. வேறு காரணங்களும் இல்லாமலில்லை. ஊட்டக் குறைவு, நெருக்கடி, ஊசியைப் பற்றிய அச்சம், அடிக்கடி இடம்பெயரும் வாழ்க்கை ஆகியவை முன்பே இருந்தவை. அவற்றின் மேல் இரண்டாண்டு இடைவெளி வந்து விழுந்தது.

இயலாதது அன்று

அன்றாட மருத்துவம் நின்றது தவிர்க்க இயலாதது என்று சிலர் கூறுவர். அவ்வாறன்று என்பதற்குச் சான்று இந்நகரத்திலேயே உண்டு. பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை ஊரடங்கின் கடும் நாட்களில், 2020 மார்ச் 23 முதல் ஏப்ரல் இறுதிவரை, 494 பெரிய புற்றுநோய் அறுவைகளைத் தக்க காப்புடன் செய்தது. அறுவையின் விளைவாக அவர்களுள் ஒருவரும் மாளவில்லை. கதவை மூடுவது ஒன்றே காப்பு அன்று என்பதை இது காட்டுகிறது.

நம்மவர் நிறைந்த தாராவியில் முதல் நோயாளி அறியப்பட்டது ஏப்ரல் முதல் நாள். தோல் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாழும் இடம் அது. அங்கே நகரசபை ஊழியரோடு அப்பகுதியின் தனியார் மருத்துவரும் கைகோத்து வீடு வீடாகச் சென்றனர். 1897-இல் நிகழ்ந்த சோதனையில் சிப்பாய் முன்னே நின்றான். 2020-இல் தெரிந்த மருத்துவர் முன்னே நின்றார். மக்கள் கதவைத் திறந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஜூலை 10-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்.

தாய்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மருந்தை நோயாளியின் வீட்டுக்கே கொண்டு செல்வது அதன் முறை. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் அது பெற்றது. மும்பையிலும் 2022 முதல் ‘ஆப்லா தவாகானா’ என்னும் சிறு மருத்துவ நிலையங்கள் பகுதிதோறும் தொடங்கப்பட்டன. பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். மாத்திரையும் தடுப்பூசியும் தொலைவில் இருத்தல் ஆகாது.

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். சங்கம் செய்யக்கூடியதைச் சங்கம் செய்யவேண்டும். 1897-இல் சமூகத்தார் தம் மருத்துவமனையைத் தாமே திறந்தனர். 1918-இல் தொண்டர்கள் போர்வை சுமந்தனர். நாம் மருத்துவமனை கட்டவேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் காலனியில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் எத்தனை பேர், இன்சுலின் போடுவோர் யார், கருவுற்ற பெண்டிர் யார், தனித்து வாழும் முதியோர் எந்த வீட்டில் இருக்கின்றனர் என்பதை, அவரவர் இசைவோடு, ஒரு புத்தகத்தில் எழுதிவைப்போம். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் கருவிகள் இரண்டைச் சங்க அறையில் வைப்போம். அவற்றைக் கையாள இளைஞர் நால்வர் பழகட்டும். வாகனம் உடையோர் தம் பெயரைத் தரட்டும். இனி ஒருமுறை கதவைப் பூட்டும் நாள் வந்தால், யாருக்குத் திறக்கவேண்டும் என்பதை அமைதியான நாளிலேயே பொதுக்குழுவில் முடிவு செய்து எழுதிவைப்போம். அச்சம் வந்தபின் எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இராது என்பதை ஒருமுறை கண்டுவிட்டோம்.

அப்புத்தகத்தில் நம் வீடுகளுக்கு உழைக்க வரும் பெண்டிரின் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். அவர்களின் தடுப்பூசி அட்டையில் எது விட்டுப்போயிற்று என்று பார்த்துச் சொல்ல எழுத்தறிந்த ஒருவர் போதும். ரஃபி நகரும் நம் காலனியும் ஒரே வட்டம், ஒரே காற்று, ஒரே இரயில் நிலையம். நமக்கும் அவர்களுக்கும் இடையே கதவு இருக்கிறது என்று கிருமி கருதுவதில்லை.

டயாலிசிஸ் கிடையாமல் ஆறு நாள் காத்திருந்த அப்பெரியவர், நம் சங்கத்தின் பொங்கல் விழாக்களில் முதல் வரிசையில் அமர்பவர். அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம், அது முறையே. புத்தகத்தின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்குவோமாயின், அது அதனினும் முறையாகும்.